கொல்லையில் ஒரு சோம்புப் பாத்தி



நம் வீடுகளில் அஞ்சறைப்பெட்டி இல்லாத அடுக்களை இல்லை. அதில் உள்ள பொருள்களில் கடுகுச் செடியை நாம் பார்த்திருக்கிறோம். வெந்தயத்தை முளைக்கவைத்துக் கீரையாக உண்டிருக்கிறோம். கொத்தமல்லியை அன்றாடம் கையாளுகிறோம். ஆயின் சோம்பை மட்டும் காய்ந்த மணியாகவே அறிவோம். அது செடியில் எவ்வாறு நிற்கும், அதன் இலை எப்படி இருக்கும், பூ என்ன நிறம் என்று கேட்டால், நாள்தோறும் அதைக் கையால் எடுத்துக் குழம்பில் இடும் தாய்மாரும் விடை கூறத் தயங்குவர். வகுப்பறையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் ஒரே குரலில், "கடையில் விளைகிறது, ஐயா" என்று கூறிச் சிரிப்பதும் உண்டு. அந்த விடை நகைப்பிற்குரியதாயினும் அதில் ஓர் உண்மை உள்ளது. உண்ணும் பொருளுக்கும் அது விளையும் மண்ணுக்கும் உள்ள தொடர்பு நம் கண்ணினின்றும் மறைந்து வருகிறது. அதனைச் சிறிதளவேனும் மீட்பதற்கு, வீட்டுக் கொல்லையில் ஒரு சோம்புப் பாத்தி எவ்வாறு உதவும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சோம்பு என்று நாம் கூறுவதற்குப் பெருஞ்சீரகம் என்றும் பெயர் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழர் இன்றும் பெருஞ்சீரகம் என்றே வழங்குவர்; அவர்கள் வீட்டுக் கறித்தூளில் அதற்குத் தனி இடம் உண்டு. சீரகம் வேறு, பெருஞ்சீரகம் வேறு. சீரகம் மெலிந்து, பழுப்பு நிறத்துடன், காரமான மணம் உடையது; சோம்பு பருத்து, பசுமை கலந்து, வாயிலிட்டால் இனிப்பது. கருஞ்சீரகம் பெயரளவில் உறவேயன்றிக் குடும்பத்தால் முற்றிலும் வேறானது. சோம்பு, சீரகம், கொத்தமல்லி, ஓமம், சதகுப்பை, காரட்டுக் கிழங்கு, பெருங்காயம் தரும் செடி ஆகிய யாவும் ஒரே குடும்பம். இவற்றின் பூங்கொத்து விரித்த குடையைப் போல இருக்கும். ஒரு காம்பின் நுனியிலிருந்து பல கம்பிகள் கிளம்பி, ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் மீண்டும் ஒரு சிறு குடை விரியும். சோம்பின் பூ மஞ்சள் நிறம். நாம் விதை என்று சொல்லும் மணி, தாவர நூலார் கணக்கில் விதையன்று. அது ஒரு கனி. முற்றியபின் இரண்டு பாதிகளாகப் பிரியும். அதன் மேல் காணும் வரிகளுக்கு இடையே நுண்ணிய குழல்கள் ஓடுகின்றன. மணம் தரும் எண்ணெய் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. அந்த எண்ணெயில் அனித்தோல் என்னும் பொருள் மிகுதி. பிரியாணியில் இடும் அன்னாசிப்பூ, சீனத்தின் தென்பகுதியில் வளரும் ஒரு மரத்தின் காய்; சோம்புக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆயினும் அதிலும் இதே அனித்தோல் இருப்பதால் இரண்டும் ஒத்த மணம் வீசுகின்றன.

சோம்பின் தாயகம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள். கிரேக்க மொழியில் சோம்புக்கு மராத்தான் என்று பெயர். கி.மு. 490ஆம் ஆண்டில் ஏதென்சு நகரத்தார் பாரசீகப் படையை வென்ற மராத்தான் சமவெளிக்கு, அங்கு மண்டிக் கிடந்த இச்செடியினால்தான் அப்பெயர் வந்தது என்பர். இன்று நெடுந்தூர ஓட்டப் பந்தயத்திற்கும் அதுவே பெயராகிவிட்டது. நம் நாட்டில் குசராத்தும் இராசத்தானுமே சோம்பு விளைவதில் முதன்மையானவை. குசராத்தில் மெகசானா மாவட்டத்திலுள்ள ஊஞ்சா என்னும் ஊர், சீரகத்திற்கும் சோம்புக்கும் பேர்பெற்ற பெருஞ்சந்தை. நம் ஊர்க் கடையில் பொட்டலம் கட்டித் தரும் சோம்பு பெரும்பாலும் அப்பக்கத்திலிருந்து வருவதே.

அவ்வாறாயின், நிலக்கடலைக்குப் பேர்போன திண்டிவனம் வட்டாரத்தில், எங்கள் கூட்டேரிப்பட்டைப் போன்ற ஊரில், சோம்பு விளையுமா? விளையும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்னும் சோம்பு இரகத்தை நம் மாநிலத்திற்கென்றே வெளியிட்டிருக்கிறது. மஞ்சள், மிளகாய்த் தோட்டங்களில் ஊடுபயிராகவும் ஓரப்பயிராகவும் இடுவதற்கு அது ஏற்றது. விதைத்து ஏழு மாதம் அளவில் அறுவடை முடியும். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 500 கிலோ கிடைக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 500 கிலோவை 10,000ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 50 கிராம். நம் கொல்லையில் இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமுமான ஒரு பாத்தி கட்டினால் 4 சதுர மீட்டர். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் நமக்குக் கிடைப்பது 200 கிராம் சோம்பு. "இருநூறு கிராம் சோம்புக்காக ஏழு மாதம் தண்ணீர் ஊற்றுவதா? கடைக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் வாங்கி வரலாமே!" என்று வீட்டார் கேட்பர். கேள்வி நியாயமானதே. இதற்கு விடை கூறாமல், "வீட்டுத் தோட்டம் போடுங்கள், மகிழ்ச்சி பெறுங்கள்" என்று பொதுவாக உபதேசம் செய்வதில் பயனில்லை. எனவே இந்தக் கேள்வியை மனத்திலே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சோம்பு குளிர்காலப் பயிர். மணி பிடிக்கும் பருவத்தில் வானம் தெளிந்து, காற்று வறண்டு, வெயில் தணிந்து இருக்க வேண்டும். வடநாட்டில் ஐப்பசியில் விதைப்பது வழக்கம். அங்கே அப்போது மழை ஓய்ந்துவிடும். நம் பக்கத்திலோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியின் அருகே கரை கடந்ததை நாம் மறக்க முடியாது. டிசம்பர் 1ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், எங்களை அடுத்துள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 4 சதுர மீட்டர் பாத்தியின்மீது 51 சென்டிமீட்டர் மழை என்றால் 2,000 லிட்டருக்கு மேற்பட்ட நீர். நூறு குடத்தைத் தாண்டும். அந்த வெள்ளத்தில் நூலிழை போன்ற இளநாற்று நிற்குமா? ஆகவே வடநாட்டுப் பஞ்சாங்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருதல் ஆகாது. அவர்களுடைய வேறொரு வழக்கத்தை மேற்கொள்ளலாம். குசராத்தில் மழைக்காலப் பயிருக்கு நாற்றங்கால் விட்டு, ஏறத்தாழ ஒன்றரை மாதம் வளர்ந்தபின் எடுத்து நடுவதும் உண்டு. அந்த முறை நமக்கு மிகவும் பொருந்தும்.

ஐப்பசி முதல் வாரத்தில் நாற்று விடுங்கள். அதற்கு முன் விதையைச் சோதிப்பது நன்று. 20 மணிகளை ஈரத் துணியில் முடிந்து வைத்து, இரண்டு வாரம் ஈரம் காயாமல் காத்துவந்தால், எத்தனை முளைக்கின்றன என்பது தெரியும். பாதிக்கும் குறைவாக முளைத்தால் அந்த விதை பழையது. வேறு விதை தேடுக. பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் விழுக்காட்டுக் கணக்கையும் உடன் கற்றுக்கொள்வர். நல்ல விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, அடியில் துளையிட்ட பழைய டப்பாக்களில் மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணை நிரப்பி, டப்பாவுக்கு மூன்று மணியாக அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றுக. டப்பாக்களைத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாமலும் காலை வெயில் படுமாறும் வைக்க வேண்டும். எட்டு நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் முளை தோன்றும். சோம்பு என்பதற்கும் சோம்பல் என்பதற்கும் உறவில்லை எனினும், முளைப்பதில் மட்டும் இது சற்றுச் சோம்பல் உடையதுதான். அவசரப்பட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தல் கூடாது. வளர்ந்தபின் டப்பாவுக்கு ஒரு நாற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுக. கிள்ளிய நாற்றும் வீணாகாது. அதைத் தயிரில் நறுக்கிப் போடலாம்.

கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்ததும், பாத்திக்கு மாற்றலாம். தரைமட்டத்திற்கு ஒரு சாண் உயர்த்திப் பாத்தி கட்டுவது நம் பக்கத்திற்கு இன்றியமையாதது. வேர் நேராக ஆழச் செல்லும் இயல்புடையதாகையால் மண்ணை நன்கு கொத்திப் பொலபொலவென்று ஆக்க வேண்டும். நாற்றை எடுக்கும்போது வேரைச் சுற்றிய மண் உதிரக் கூடாது. வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஓர் அடி. 4 சதுர மீட்டரில் ஏறத்தாழ 20 செடிகள் நிற்கும். நெருக்கி நட்டால் காற்று புகாமல் சாம்பல் நோய் வரும். அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீர் ஆகியவற்றைப் பாய்ச்சலாம். சோப்புக் கலந்த நீர் வேண்டா. செடி நான்கு முதல் ஆறு அடி வரை வளருமாதலால், தை பிறந்ததும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிற்றால் தளர்வாகக் கட்டுக.

இதற்குப் பெரும்பகை அசுவினி. இளங்குருத்திலும் பூங்குடையிலும் கூட்டம் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம். மிகுந்துவிட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். ஆனால் பூ விரிந்தபின் எதையும் தெளிக்காமல் இருப்பதே சிறப்பு. சோம்பில் மணி பிடிப்பதற்குத் தேனீக்களின் உதவி பெரிதும் வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் காலை வேளையில் பாத்தியருகே நின்றால் தேனீக்களின் ரீங்காரம் காதில் விழும். பொறிவண்டுகளும் வந்து சேரும். அவை அசுவினியைத் தின்று நமக்குக் கூலியின்றி வேலை செய்யும்.

இனி, இந்தப் பாத்தி நமக்குத் தருவது யாது என்று பார்ப்போம். கடைக்காரர் நமக்கு விற்பது இச்செடியின் கடைசிப் படியாகிய காய்ந்த மணியை மட்டுமே. வீட்டுப் பாத்தியோ நான்கு படிகளில் உணவு தருகிறது.

முதற்படி, இலை. தை மாதம் முதற்கொண்டு கிள்ளலாம். ஒவ்வொரு செடியிலும் வெளி இலை ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, நடுக்குருத்தை விட்டுவிட வேண்டும். இந்த இலையைக் கொண்டு கூட்டுச் செய்யும் முறையைக் கேளுங்கள். 100 கிராம் பாசிப்பருப்பை மஞ்சள் தூள் சேர்த்துக் குழைய வேகவிடுக. இரண்டு பிடி சோம்பிலையைக் காம்பு நீக்கிப் பொடியாக அரிந்துகொள்க. அரை மூடிக்கும் குறைவான தேங்காய்த் துருவல், இரண்டு மிளகாய், சிறிது சீரகம் ஆகியவற்றை அரைத்துப் பருப்பில் சேர்த்து ஒரு கொதி வந்ததும், உப்பும் இலையும் இட்டு மூன்று நான்கு நிமிடத்தில் இறக்கிவிடுக. நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்தால் போதும். உருளைக்கிழங்கு வறுவலை இறக்கும்போது ஒரு பிடி இலை தூவினாலும் நன்றாக இருக்கும்.

இத்தாலி நாட்டார் சோம்பின் இலைக்காம்புகளின் அடிப்பகுதியை வெங்காயம் போலப் பருக்கவைத்துக் காய்கறியாக உண்கின்றனர். அது தனி இரகம். நீண்ட குளிர்காலம் வேண்டுவது. நம் பாத்தியில் அதனை எதிர்பார்த்தல் வேண்டா.

இரண்டாம் படி, பூ. மஞ்சள் பூங்குடையில் ஒன்றிரண்டைக் கிள்ளி மோரில் மிதக்கவிடலாம். அடை மாவிலும் உதிர்த்துப் போடலாம். மற்றவை தேனீக்களுக்கு உரியவை.

மூன்றாம் படி, பச்சைச் சோம்பு. பூத்து 30 முதல் 40 நாளில் மணி பாதி அளவே வளர்ந்து, பசேலென்று, பல்லில் பட்டதும் நசுங்கும் பதத்தில் இருக்கும். உணவிற்குப்பின் மெல்லுவதற்கு உயர்ந்தது என்று வடநாட்டில் கொண்டாடப்படுவது இந்தப் பருவத்தில் பறித்து நிழலில் உலர்த்தியதே. வெயிலில் போட்டால் பசுமை போய்விடும். கடையில் மிகுந்த பசுமையோடு காணப்படும் சோம்பெல்லாம் இவ்வாறு வந்தது என்று நம்பிவிடுதலும் ஆகாது. செயற்கைச் சாயம் ஏற்றியது சில இடங்களில் பிடிபட்டிருக்கிறது. ஒரு கரண்டி சோம்பைத் தண்ணீரில் இட்டால், நீர் உடனே பச்சை நிறமாக மாறுமாயின் ஐயுற வேண்டும். பாத்தியில் பறித்ததற்கு இந்த ஐயம் இல்லை.

நான்காம் படிதான் முற்றிய சோம்பு. எல்லாக் குடைகளும் ஒரே நாளில் முற்றுவதில்லை. சித்திரையில் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை, முற்றியும் பழுப்பேறாத குடைகளை மட்டும் அறுத்தெடுக்க வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் கடைசிக் குடைகள் சாவியாகிவிடுவதும் உண்டு. அவ்வாறானால் 200 கிராமும் குறையும். கிடைத்ததை நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாத சாடியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் பொடி செய்க. இடித்த மாத்திரத்தில் எண்ணெய்க் குழல்கள் உடைந்து மணம் வெளிப்பட்டுவிடுவதால், முன்கூட்டி இடித்து வைத்த தூள் நாளடைவில் வெறும் சக்கையாகிவிடும். தாளிக்கும்போதும் எண்ணெய் புகையுமளவு காய்ந்தபின் சோம்பை இடக் கூடாது. கருகினால் இனிப்பு மாறிக் கசக்கும்.

நம் பக்கத்து மசால் வடைக்கு இந்தப் புதுச் சோம்பு மிகவும் பொருந்தும். 250 கிராம் கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிளகாய் நான்கு, இஞ்சி ஒரு துண்டு, சோம்பு ஒரு தேக்கரண்டி, உப்பு ஆகியவற்றோடு தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்துக்கொள்க. தனியே வைத்த பருப்பும், அரிந்த சின்ன வெங்காயமும், கறிவேப்பிலையும் சேர்த்துப் பிசைந்து தட்டி, செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் மிதமான தீயில் பொன்னிறமாக வேகவிடுக. செடியில் இலை இன்னும் இருந்தால் அதையும் ஒரு பிடி அரிந்து சேர்க்கலாம். கடலைப்பருப்பு எளிதில் செரியாது என்பதனாலேயே நம் முன்னோர் அதனோடு சோம்பைச் சேர்த்தனர் என்பது வழிவழியாக வரும் கருத்து. குருமாவுக்கும் கறிக்குழம்புக்கும் அரைக்கும் மசாலாவிலும் இதன் பங்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் தாய்மாருக்கு ஒரு சொல். குழந்தை வயிற்று வலியால் அழுதால் சோம்பு கொதித்த நீரைப் புகட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வீட்டிலே விளைந்த பொருள் என்பதால் அதில் நம்பிக்கை இன்னும் மிகலாம். பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீரும்கூட, கொடுக்க வேண்டா என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தை ஓயாமல் அழுதால் மருத்துவரிடம் காட்டுவதே முறை. பெரியவர்களுக்கு உணவில் சேரும் அளவு சோம்பு நல்லதே; அதனை மருந்தாக எண்ணி மிகுதியாக உட்கொள்ளுதல் வேண்டா.

இப்போது வீட்டார் கேட்ட கேள்விக்கு வருவோம். இருநூறு கிராம் சோம்புக்காக ஏழு மாதமா? தராசில் நிறுக்கக்கூடிய வரவு அவ்வளவே; அதை மறைக்க வேண்டியதில்லை. பணக் கணக்கில் இந்தப் பாத்தி நட்டமென்றே வைத்துக்கொள்வோம். ஆயின் தை முதல் பங்குனி வரை கிள்ளிய கீரையைக் கடையில் எந்த விலைக்கும் வாங்க முடியாது. நம் பக்கத்துக் கடைகளில் அது வருவதே இல்லை. பச்சைச் சோம்பும் அப்படியே. அவற்றிற்கு மேலாக, அடுக்களையில் ஒரு சிட்டிகை எடுக்கும்போது, அதன் பின்னே ஏழு மாத உழைப்பும், மழையும் பனியும் வெயிலும் பருவம் தவறாமல் வருதலும், ஆயிரம் தேனீக்களின் வேலையும் இருக்கின்றன என்பதைப் பாத்தி போட்ட வீட்டுப் பிள்ளை அறியும். ஊஞ்சாவின் பக்கத்தில் வயலில் நின்று குடை குடையாக அறுக்கும் உழவர் யார் என்பதும் அப்பிள்ளைக்கு விளங்கும். விலை ஏறும்போது கடைக்காரரைக் கடிந்துகொள்வதற்கு முன், அவ்வாண்டு அங்கே மழை எவ்வாறு பெய்தது என்று கேட்கத் தோன்றும். "கடையில் விளைகிறது" என்னும் விடை அந்த வீட்டில் எழாது.

ஆதலின் அறுவடை முடிந்ததும் ஒரு செயலை மறவாதீர்கள். நன்கு முற்றிய ஒரு குடையைத் தனியே எடுத்து, உலர்த்தி, உதிர்த்து, ஆண்டும் மாதமும் எழுதிய தாளில் மடித்து வையுங்கள். அடுத்த ஐப்பசிக்கு அதுவே விதை. மிகுந்தால் அண்டை வீட்டாருக்கும் ஒரு பிடி கொடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில், நம் மழைக்கும் நம் வெயிலுக்கும் ஈடுகொடுத்த செடிகளின் வித்து உங்கள் கையில் இருக்கும்.